இரும்பு ஊசி போட்டும் குட்டி தேறவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

வெண்பன்றி வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, இரும்பு ஊசி போட்டாச்சு, ஆனாலும் குட்டி வெளுத்தே கிடக்கு, இன்னொண்ணு போட்டுடட்டுமா?" போடாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஊசி வேலை செய்யவில்லை என்று தோன்றும்போது கோளாறு பெரும்பாலும் ஊசி போட்ட விதத்தில் இருக்கும், அங்கே இல்லையென்றால் தாய் தின்ற தீவனத்தில் இருக்கும். இரும்பை டானிக் மாதிரி நினைத்து மேலே மேலே ஏற்றினால் வேறு வம்பு வந்து சேரும்.

ஒரே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டி பிறக்கும்போது உடம்பில் இருக்கும் இரும்பு சுமார் 40 முதல் 50 மில்லிகிராம். வளர நாளொன்றுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பதோ ஒரு மில்லிகிராம்தான். ஆக ஒரு வாரத்தில் கையிருப்பு காலி. மண்ணைக் கிளறித் திரியும் குட்டி மண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், சிமெண்ட் தரையில் அடைத்த குட்டிக்கு அதுவும் கிடையாது. தாய்க்கு இரும்பு டானிக் ஊற்றினால் பால் வழியாகக் குட்டிக்குப் போகும் என்று சிலர் சொல்கிறார்கள், அப்படிப் போவதில்லை, காசுதான் போகும்.

கீழே என்ன அறிகுறி என்று பார்த்து அந்த இடத்துக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

## குட்டி வெளுத்திருக்கிறது, ரோமம் சிலிர்த்து நிற்கிறது (8 முதல் 25 நாள்)

வெளுப்பு உண்மைதானா என்று முதலில் பாருங்கள். வெண்பன்றி எப்படியும் வெள்ளை, கொட்டகை இருட்டில் எல்லாக் குட்டியும் வெளுத்துத்தான் தெரியும். குட்டியை வெளியே தூக்கி வந்து காலை வெயிலுக்கு எதிரே காது மடலை விரித்துப் பிடியுங்கள். நல்ல குட்டியின் காது இளஞ்சிவப்பாக இருக்கும், ரத்த நரம்பு கிளை விட்டு ஓடுவது தெளிவாகத் தெரியும். ரத்தம் குறைந்த குட்டியின் காது எண்ணெய்த்தாள் மாதிரி ஒளியை விடும், நரம்பைத் தேட வேண்டியிருக்கும். அப்புறம் கீழ் இமையைக் கட்டை விரலால் லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள், ஈறையும் பாருங்கள். அதே வயதில் வேறு ஈற்றுக் குட்டி இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதைப் போல நல்ல சோதனை கிடையாது. குளிரில் நடுங்கும் குட்டியும் வெளுத்துத் தெரியும், பல்பு போட்டு ஒரு மணி நேரம் கதகதப்பாக வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கறுப்பு நாட்டுப்பன்றி என்றால் இமையையும் ஈறையும் மட்டும் நம்புங்கள்.

ஒன்றிரண்டு குட்டி மட்டும் வெளுத்திருந்தால் அவற்றுக்கு ஊசியே விழவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பத்துக் குட்டி கத்திக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது ஒன்று தப்பிவிடும், இன்னொன்று இரண்டு தடவை வாங்கிக்கொள்ளும். நான் ஊசி போட்ட கையோடு முதுகில் ஊதா மருந்தைத் தொட்டு வைத்துவிடுவேன், அதைச் செய்ய ஆரம்பித்த பிறகு இந்தத் தொல்லை போயே போய்விட்டது. தப்பிய குட்டி சுறுசுறுப்பாகப் பால் குடித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே ஒரு ஊசி போடுங்கள்.

ஈற்று மொத்தமும் வெளுத்திருந்தால் பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அயர்ன் டெக்ஸ்ட்ரான், அதாவது இந்த இரும்பு ஊசி மருந்து, ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம், 100, 200 என்று வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. குட்டிக்கு வழக்கமாகத் தேவைப்படுவது மொத்தம் 200 மில்லிகிராம். 200 என்று போட்ட பாட்டிலில் ஒரு மில்லி போதும், 100 பாட்டிலில் இரண்டு மில்லி வேண்டும். "போன தடவை ஒரு மில்லி போட்டோம், இந்தத் தடவையும் ஒரு மில்லி" என்று போட்டால், கடைக்காரர் மாற்றிக் கொடுத்த 50 பாட்டிலில் கால்வாசி இரும்புதான் உள்ளே போயிருக்கும். பாட்டிலைத் தூக்கிப் போடாமல் ஈற்று முடியும்வரை வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

லேபிள் சரி என்றால் மருந்து வெளியே ஒழுகியிருக்கலாம். ஊசி போட்ட அன்றைக்குக் குட்டியின் கழுத்தில் பழுப்பு நிறத்தில் கோடு வடிந்திருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் பாதி மருந்து ரோமத்துக்குத்தான் போயிருக்கிறது. தோலை விரலால் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்த வேண்டும், மருந்தை மெதுவாகத் தள்ள வேண்டும், இரண்டு மூன்று வினாடி அப்படியே நிறுத்திவிட்டு ஊசியை உருவியதும் தோலை விட்டுவிட்டால் குத்திய ஓட்டை தானாக மூடிக்கொள்ளும், அதன்மேல் கட்டை விரலை ஒரு கணம் அழுத்துங்கள். மார்கழிக் குளிரில் மருந்து பாகு மாதிரி கெட்டியாக இருக்கும், பாட்டிலைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்தால் சிரிஞ்ச் இழுக்கும்.

தேதியையும் பாருங்கள். 3ஆம் அல்லது 4ஆம் நாள் போட வேண்டியதை 10ஆம் நாள் போட்டால் குட்டி அதற்குள் கீழே இறங்கிவிட்டிருக்கும், மேலே ஏற நாள் பிடிக்கும், காத்திருங்கள். 3ஆம் நாள் சரியாகப் போட்டும் மூன்றாவது வாரத்தில் வெளுக்கிறது என்றால், அதுவும் பால் நிறையக் குடித்துக் கொழுகொழு என்று வளர்ந்த குட்டிதான் வெளுக்கிறது என்றால், முதல் ஊசி தீர்ந்துவிட்டது. நம் பக்கம் ஆறு முதல் எட்டு வாரம் வரை பால் விடுகிறோம், தீவனம் தின்னத் தாமதமாகும் குட்டிக்குப் பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் இரண்டாவது ஊசி தேவைப்படும்.

ஊசி கைவசம் இல்லாத ஊரில் பெரியவர்கள் செம்மண் கட்டியைக் கொட்டகையில் போடுவார்கள். கேலி செய்யாதீர்கள், அது ஓரளவு வேலை செய்யும். பன்றி கால் வைக்காத இடத்து மண்ணாக இருக்க வேண்டும், சட்டியில் வறுத்து ஆறவைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரும்போடு புழு முட்டையும் சேர்ந்து வரும்.

மருத்துவரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: சரியான அளவு போட்டு பத்து நாள் ஆகியும் காது நிறம் திரும்பவில்லை என்றால், வெளுப்போடு மஞ்சளும் தெரிந்தால், காய்ச்சல் இருந்தால். ரத்த ஒட்டுண்ணி இருக்கலாம், அதை ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், 100 மில்லி ரத்தத்தில் 11 கிராமுக்கு மேல் என்றால் கவலையில்லை, 9க்குக் கீழே என்றால் உண்மையான சோகை. அப்புறம் ஒன்று: குட்டி நின்ற இடத்திலேயே அடிவயிறு தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினால் அதைத் துரத்திப் பிடிக்காதீர்கள். பிடிக்கிற கலவரத்திலேயே கையில் செத்துப்போகும். அப்படி ஒன்றை நான் பிடித்திருக்கிறேன்.

## ஊசி போட்ட அன்றே, அல்லது மறுநாள் குட்டிகள் சாகின்றன

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குப் பெரிய நஷ்டம்.

ஒரு தடவை பதினொரு குட்டி ஈற்று, எல்லாம் நல்ல எடை. 3ஆம் நாள் காலையில் ஊசி போட்டேன். சாயங்காலம் பார்த்தால் நாலைந்து குட்டி நாய் உட்கார்வது மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பின்னங்காலை ஊன்ற முடியாமல் இழுக்கிறது. விடிவதற்குள் ஏழு போய்விட்டது. மருந்துதான் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினேன். என் மனைவிதான் நிறுத்தினாள், "அதே பாட்டில்லதான பக்கத்து ரூம் ஒம்போது குட்டிக்கும் போட்டீங்க, அதுங்க துள்ளிக்கிட்டு நிக்குது?"

அங்கேதான் விஷயம். டாக்டரம்மா வந்து ஒரு குட்டியை அறுத்துக் காட்டினார். தொடைச் சதை வெந்த மீன் மாதிரி வெளிறிக் கிடந்தது, ஊசி குத்திய கழுத்துப் பக்கம் மட்டும் பழுப்புக் கறை அகலமாகப் பரவியிருந்தது. "மருந்தைக் குத்தம் சொல்லாதீங்க. இதோட தாய்க்கு சினை நேரத்துல என்ன போட்டீங்க?" என்றார். மழைக்காலத்தில் இறக்கி வைத்த தவிடு, அதோடு பூஞ்சை பிடித்த மக்காச்சோளக் குருணை. பக்கத்து ரூம் தாய் கம்பெனித் தீவனம் தின்று வந்தது.

வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது இரண்டும் குறைந்த குட்டியின் உடம்பில் இரும்பு ஒரே நேரத்தில் இறங்கினால் சதையை அரித்துவிடும், சதையிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும். இனி பார்க்க வேண்டியவை.

ஊசி போட்ட ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு குட்டி செத்தால் அது அதிர்ச்சி, அல்லது மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது. குத்தியதும் சிரிஞ்சைப் பின்னால் லேசாக இழுத்துப் பாருங்கள், ரத்தம் வந்தால் இடம் மாற்றுங்கள். மற்றக் குட்டிகளுக்கு ஆபத்து இல்லை.

சில மணி நேரம் கழித்து, ஒரே ஈற்றில் பல குட்டி விழுந்தால் அந்த ஈற்றில் ஊசி போடாத குட்டிகளை அப்படியே விடுங்கள். அந்தத் தாயோடு சேர்ந்து அதே தீவனம் தின்ற மற்றத் தாய்களின் குட்டிகளுக்கும் நிறுத்துங்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், இதில் வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. மருத்துவர் வரும்வரை விழுந்த குட்டியை உருட்டாமல் வைக்கோல் போட்டுப் படுக்க விடுங்கள்.

மீதிக் குட்டிகளுக்கு மருத்துவர் பெரும்பாலும் வைட்டமின் ஈ, செலினியம் கலந்த ஊசி கொடுப்பார், இடைவெளி விட்டு இரும்பு போடச் சொல்வார். அந்த ஊசியின் அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. செலினியத்தில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் உள்ள இடம் ரொம்பக் குறுகல், குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம் அது.

அடுத்த ஈற்றுக்கு என்ன செய்வது? தாயைப் பாருங்கள். வைட்டமின் ஈ கருப்பையில் குட்டிக்கு அதிகமாகக் கடப்பதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. ஆகவே 114 நாள் சினையில் கடைசி மூன்று வாரம் முக்கியம். தாய்த் தீவனத்தில் கிலோவுக்கு 44 யூனிட் வைட்டமின் ஈ இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. பை லேபிளில் அது எழுதியிருக்கும். வீட்டில் கலக்கிறீர்கள் என்றால் தாது உப்புக் கலவை மட்டும் போட்டால் போதாது, அதில் வைட்டமின் இருக்கிறதா என்று பாருங்கள். நிறையக் கலவைகளில் இருக்காது. வைட்டமினையும் தாது உப்பையும் ஒரே வாளியில் கலந்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அதிலுள்ள இரும்பும் தாமிரமும் வைட்டமினைத் தின்றுவிடும், தீவனம் அரைக்கிற அன்றைக்குச் சேருங்கள்.

தவிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுத் தவிட்டில் வைட்டமின் ஈ நன்றாகவே இருக்கிறது, ஆனால் மில்லிலிருந்து வந்த சில நாட்களிலேயே எண்ணெய் சிக்கு பிடிக்க ஆரம்பித்துவிடும், சிக்கு பிடித்த எண்ணெய் வைட்டமினையும் அழித்துவிடும். சோதனை சுலபம்: ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்கள். புதுத் தவிடு லேசாக இனிக்கும். கெட்டது கசக்கும், சோப்பு மாதிரி நாக்கில் ஒட்டும். நான் மூட்டை வந்து இறங்கியதும் முதலில் செய்கிற வேலை இதுதான், லோடு இறக்குகிற ஆட்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். எண்ணெய் எடுத்த தவிடு கெடாது, ஆனால் எண்ணெயோடு வைட்டமின் ஈயும் போய்விட்டிருக்கும். குதிரை மசால், வேலி மசால், அகத்தி என்று ஏதாவது பச்சை தினமும் தாய்க்கு ஒரு கை கிடைத்தால் இந்த ஓட்டை கொஞ்சம் அடைபடும்.

சந்தேகமான ஈற்று என்றால் நான் இப்போதெல்லாம் முதலில் இரண்டு குட்டிக்கு மட்டும் ஊசி போட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் தள்ளிப் போவதால் சோகை வந்துவிடாது.

## ஊசி போட்ட இடம் வீங்குகிறது, குட்டி நொண்டுகிறது

தொடையில் போட்டீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். தொடையில் நரம்பு அடிபடும், கறியில் பழுப்புக் கறையும் நிற்கும், வெட்டும்போது கறிக்கடைக்காரர் காட்டுவார். காதுக்குப் பின்னால் கழுத்துச் சதையில் போடுங்கள், அரை அங்குல ஊசி, 20 நம்பர் போதும்.

கழுத்தில்தான் போட்டேன், அப்படியும் வீக்கம் என்றால் ஊசியின் சுத்தத்தைப் பாருங்கள். ஈற்றுக்கு ஒரு புது ஊசி. பாட்டிலில் மருந்து எடுக்க ஒரு ஊசியை ரப்பர் மூடியிலேயே குத்தி வைத்துவிடுங்கள், குட்டியைக் குத்திய ஊசியை மறுபடி பாட்டிலுக்குள் விடாதீர்கள். ஓட்டை விழுந்த பாட்டிலை ஆறு மாதம் பரணில் வைத்திருந்து எடுப்பவர்களை எனக்குத் தெரியும், அந்த மருந்தை நாயும் மோந்து பார்க்காது.

வீக்கம் கல் மாதிரி இல்லாமல் நடுவில் மெத்தென்று அமுங்கினால் சீழ் கட்டிவிட்டது. முழங்கால் மூட்டு வீங்கினால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட காலில் என்றால், கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. இரண்டுக்கும் மருத்துவர் வேண்டும், பிளேடை எடுத்துக் கீறாதீர்கள்.

## ஊசி போட்ட பிறகும் கழிச்சல் நிற்கவில்லை

இரும்பு கழிச்சலுக்கு மருந்து இல்லை. சோகைக் குட்டிக்குக் கழிச்சல் சீக்கிரம் வரும் என்பது உண்மை, அதற்காகக் கழிகிற குட்டிக்கு இரும்பு ஏற்றினால் சில கிருமிகளுக்கு அது சாப்பாடு போட்ட மாதிரி. முதல் நாலு நாளுக்குள் தண்ணீராகக் கழிந்தால் சீம்பால் சரியாகக் கிடைத்ததா, கொட்டகை ஈரமா என்று பாருங்கள், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், குட்டி காய்ந்துபோக அரை நாள் போதும். ஒரு வாரத்துக்கு மேல் வயதான குட்டி மஞ்சளாகக் களிம்பு போலக் கழிந்து எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் கேட்கவில்லை என்றால் காக்சிடியா என்ற நுண்ணுயிரைச் சந்தேகப்படலாம், அதற்கு மருந்தே வேறு.

## பால் மறந்த பிறகு, இருப்பதிலேயே கொழுத்த குட்டி திடீரென்று செத்துக் கிடக்கிறது

ராத்திரி தீவனம் தின்றது, காலையில் இல்லை. மெலிந்த குட்டிகள் நன்றாக இருக்கும், நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்ட குட்டிதான் போகும்.

முதலில் ஒயரைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பல்பு ஒயரைக் கடித்துச் செத்த குட்டிகளுக்கு நோய்ப் பெயர் வைத்தவர்கள் உண்டு. அடுத்து கண் இமை, நெற்றி வீங்கியிருக்கிறதா, மற்றக் குட்டிகள் குடித்தவன் மாதிரி தள்ளாடுகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் குடல் கிருமி நஞ்சால் வரும் நீர்க்கோவை நோயாக இருக்கலாம், தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் இதயம். வைட்டமின் ஈ, செலினியம் குறைந்து, வேகமாக வளர்கிற குட்டியின் இதயம் நின்றுபோவது. அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேல் சிவப்புத் திட்டுகள் முசுக்கொட்டைப் பழம் மாதிரி தெரியும், இதயப் பையில் வைக்கோல் நிறத் தண்ணீர், அதில் நூல் நூலாக உறைவு மிதக்கும். தாய்ப்பாலில் வந்த வைட்டமின் நின்றுபோய், தீவனத்தில் போதுமான அளவு இல்லாத அந்த இடைவெளியில்தான் இது வருகிறது. அந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று குட்டிக்கு இதே கதி காத்திருக்கும், தண்ணீரில் கலக்கிற வைட்டமின் ஈயை அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். தீவனத்தில் புதுச் சோளம், பழைய எண்ணெய், ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் எதைச் சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். பொரித்த எண்ணெயை எடை ஏறும் என்று ஊற்றுபவர்களிடம் இந்தச் சாவை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

## கொழுப்பு மஞ்சளாக இருக்கிறது, கறியில் மீன் வாடை

இது பெரும்பாலும் மீன் மார்க்கெட் கழிவு போடுகிற இடங்களில். சிக்கு பிடித்த மீன் எண்ணெய் பன்றியின் கொழுப்பில் போய்த் தங்குகிறது, வைட்டமின் ஈ அதைத் தாங்கிப் பிடிக்க முயன்று தீர்ந்துபோகிறது. வெளியே பார்த்தால் பன்றி கொஞ்சம் சோம்பலாக இருக்கும், முதுகைத் தொட்டால் முனகும், அவ்வளவுதான். வெட்டிய பிறகுதான் தெரியும், அதற்குள் வியாபாரி விலையைக் குறைத்திருப்பார்.

மீன் கழிவை முழுவதுமாக நிறுத்தச் சொன்னால் கட்டுப்படியாகாது என்பீர்கள். சரி, அன்றன்று வந்ததை அன்றன்றே வேகவைத்துப் போடுங்கள், மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துக் கொட்டுங்கள், விற்பதற்கு முன் கடைசி இரண்டு மாதம் மீனைத் தொடாதீர்கள். சினைத் தாய்க்கு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மஞ்சளாகிவிட்ட கொழுப்பை எந்த ஊசியும் வெள்ளையாக்காது, அதற்கு மருத்துவருக்குச் செலவு செய்வது வீண். வேகவைப்பதை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள், 2020இல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்த பிறகு வேகாத கழிவு போடுவது கொட்டகைக்கு நெருப்பு வைப்பது மாதிரி.

## பெரிய பன்றி வெளுக்கிறது

இரும்பு ஊசியைக் கீழே வையுங்கள். திடத் தீவனம் தின்கிற பன்றிக்கு இரும்புக் குறை சாதாரணமாக வராது, ரத்தம் எங்கேயோ போகிறது. காதுக்குப் பின்னால், தொடை இடுக்கில் விரலால் ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள், பேன் கண்ணுக்கே தெரியும். சாணம் தார் மாதிரி கறுப்பாக இருந்தால் வயிற்றுப் புண், தீவனத்தை மாவாக அரைக்காமல் கொஞ்சம் குருணையாக அரையுங்கள். சளியும் ரத்தமுமாக வந்தால் சாட்டைப் புழு. எலி மருந்து வைத்தீர்களா என்றும் நினைத்துப் பாருங்கள். பேனைத் தவிர மற்ற மூன்றுக்கும் மருத்துவர்தான்.

## குளம்பு வெடிக்கிறது, முதுகு ரோமம் கொட்டுகிறது

வைட்டமின் ஈ குறைவு என்று கேள்விப்பட்டதும் கையில் கிடைத்த செலினியக் கலவை, தாது உப்பு, ஊசி என்று எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கொடுத்தவர்களிடம் வருவது. தீவனத்தில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் செலினியம் போதும், 5 மில்லிகிராமைத் தாண்டினால் விஷம். குளம்பு ரோமத்தோடு சேர்கிற இடத்தில் வளையமாகப் பிளவு தெரியும், சில பன்றிகள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். எல்லாக் கலவையையும் இன்றைக்கே நிறுத்துங்கள், வெறும் தானியமும் பச்சையும் கொடுங்கள், எல்லாப் பைகளின் லேபிளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கால் விழுந்துவிட்ட பன்றி திரும்ப எழுவது அபூர்வம்.

## பிறந்த குட்டிக்குத் தொப்புளில் ரத்தம் நிற்கவில்லை

இந்தக் குட்டியும் மறுநாள் வெளுத்துத் தெரியும், அதை இரும்புக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. உடனே நூலால் கட்டுங்கள், தொப்புளிலிருந்து ஓர் அங்குலம் விட்டு. படுக்கைக்கு மரத்தூள் போட்டிருந்தால் மாற்றி வைக்கோல் போடுங்கள். பன்றி தன் ஈரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும், ஆனாலும் இப்படி அடிக்கடி நடக்கிற தாய்க்கு ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அதைக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவர்கள் உண்டு, சில கொட்டகையில் கேட்கிறது, சிலவற்றில் இல்லை. அடுத்தடுத்து இரண்டு ஈற்றில் நடந்தால் பூஞ்சைத் தீவனம், வைட்டமின் கே இரண்டையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

## மருத்துவர் வருவதற்குள்

1962க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும், பக்கத்து அரசு மருந்தகத்துக்கும் சொல்லிவிடுங்கள். செத்த குட்டியை பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள், பிரீசரில் வைத்து உறைய விடாதீர்கள், உறைந்த சதையில் எதுவும் தெரியாது. மருந்து பாட்டில், அன்றைக்குப் போட்ட தீவனத்தில் ஒரு கிலோ, ஈற்று எழுதிய நோட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். ஆனால் குட்டி, பெரியது என்று வயது பார்க்காமல் பல பன்றிகள் காய்ச்சலோடு காது சிவந்தோ நீலம் பாரித்தோ செத்தால், அல்லது செத்த பன்றியின் மூக்கு, ஆசனவாயில் ரத்தம் வடிந்தால், அறுக்காதீர்கள், விற்காதீர்கள், உறவுக்காரர் கொட்டகைக்கும் அந்தச் செருப்போடு போகாதீர்கள். வாசலை அடைத்துவிட்டு, டாக்டர் வரும்வரை வெளியில் நில்லுங்கள்.